அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. கைகலப்பில் எதிராளிக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2 ஆண்டு சிறை விதித்திருக்கிறது. ஆயுதம் எதுவும் இல்லை, முன்வழக்கும் இல்லை. அடித்தது உண்மைதான். தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லி மேல்முறையீடு செய்யலாமா? மேலே போனால் கூடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பயம் வேண்டாம். தம்பி தொடுக்கும் மேல்முறையீட்டில் தண்டனையைக் குறைக்கலாம், மாற்றலாம், ஆனால் கூட்டக்கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 427ஆம் பிரிவு. இப்படியொரு அப்பீலில் சீராய்வு அதிகாரத்தை (கீழ்நீதிமன்றத் தீர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரம்) தானே கையிலெடுத்துத் தண்டனையைக் கூட்டிய உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2025இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு 418ஆம் பிரிவில் தனியாக மேல்முறையீடு செய்தால் கதை வேறு. அப்போதும் தம்பியின் விளக்கத்தைக் கேட்காமல் கூட்ட முடியாது.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 30 நாள்தான் கெடு. கூடவே 430ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போக வேண்டும். 2 ஆண்டுத் தண்டனை என்பதால், விசாரணையின்போது ஜாமீனில் இருந்தவருக்குத் தண்டனை விதித்த நீதிமன்றமே அப்பீல் போடும்வரை ஜாமீன் தரலாம்.

'அடித்தது உண்மை' என்பதற்காகக் குற்றத்தீர்ப்பை எதிர்ப்பதைக் கைவிட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே ஆவணமாகக் குறியிடப்பட்டிருக்கிறதா, டாக்டர் சாட்சி சொன்னாரா என்று பாருங்கள். எலும்பு முறிவு நிரூபணமாகவில்லை என்றால் அது சாதாரணக் காயம், உச்சத் தண்டனையே 1 ஆண்டுதான். முறிவு நிரூபணமானால் அது கொடுங்காயம், உச்சம் 7 ஆண்டு. ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஆகவே முதல் வாதம் காயத்தைப் பற்றி, மாற்று வாதமாகத் தண்டனைக் குறைப்பு. இரண்டும் ஒரே மனுவில் நிற்கும்.

கருணை கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'ஏழைக் குடும்பம், இரக்கம் காட்டுங்கள்' என்ற வரியை நீதிபதிகள் தினமும் படிக்கிறார்கள். கீழ்நீதிமன்றம் எதைக் கவனிக்கத் தவறியது என்று காட்டினால்தான் காரியம் ஆகும். தண்டனை பற்றித் தம்பியிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் தீர்ப்பில் ஒற்றை வரியில் முடிந்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் குற்றம், வேலைச் சான்று, அவரை நம்பியிருப்போரின் மருத்துவக் காகிதங்கள், எதிராளியின் சிகிச்சைக்குப் பணம் கொடுத்திருந்தால் ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும்.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தையும் கேளுங்கள். அதன் 4ஆம் பிரிவில் சிறைக்குப் பதிலாக, ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக்கொடுக்கும், 3 ஆண்டுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. பல வக்கீல்கள் இதை வாதத்தின் கடைசி நிமிடத்தில்தான் நினைக்கிறார்கள், மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எதிராளி சமாதானத்துக்கு இணங்கினால், நீதிமன்ற அனுமதியோடு அப்பீல் நிலையிலும் வழக்கை முடிக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்கு நீங்களே போய் நிற்காதீர்கள், மிரட்டினார்கள் என்று இன்னொரு புகார் வரும். வக்கீல்கள் பேசட்டும்.