ஆறு குழந்தைகளை வைத்தே ஆய்வேடு எழுதலாம்

கேள்வி: பேச்சு, மொழி, செவித்திறன் துறையில் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். திக்குவாய் உள்ள 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சி தந்து பலனை அளப்பதுதான் என் ஆய்வு. ஆறு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள், 30 பேர் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. கிளினிக்கில் இருக்கும் பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா? மீதித் தரவு, புள்ளியியல், ஜர்னல் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. போகலாமா?

பதில்: ஏஜென்சி பக்கமே போகாதீர்கள். ஆய்வின் வடிவத்தை மாற்றினால் ஆறு பேரே போதும்.

30 என்ற எண்ணுக்குத் தனி மகிமை ஏதும் கிடையாது. குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போதுதான் நிறையப் பேர் தேவை. நீங்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே தொடர்ந்து அளக்கலாம். பயிற்சிக்கு முன்பே குறைந்தது மூன்று முறை பேச்சைப் பதிவுசெய்து, நூறு அசைக்கு எத்தனை அசை திக்குகிறது என்று எண்ணுங்கள். முதல் குழந்தைக்கு மூன்று அளவீட்டுக்குப் பின் பயிற்சி தொடங்கட்டும், அடுத்தவருக்கு ஐந்துக்குப் பின், அதற்கடுத்தவருக்கு ஏழுக்குப் பின். இந்த வயதில் பலருக்குத் திக்கல் தானாகவே போய்விடும் என்பதால், "பயிற்சிக்குப் பின் குறைந்தது" என்று மட்டும் எழுதினால் தேர்வாளர் ஏற்கமாட்டார். எண்ணிக்கையை வரைபடமாக வரையும்போது, பயிற்சி தொடங்கியவருக்கு மட்டும் கோடு இறங்கி, காத்திருப்பவருக்கு அப்படியே இருந்தால் அது பயிற்சியின் பலன் என்று தைரியமாகச் சொல்லலாம். எது முன், எது பின் என்று தெரியாத இன்னொருவரையும் சில பதிவுகளை எண்ணச் சொல்லுங்கள்.

பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்க்கக் கூடாது. பெற்றோர் சம்மதித்தது சிகிச்சைக்கு, ஆய்வுக்கு இல்லை. இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அடையாளம் நீக்கிய பழைய தரவுக்குத் தனி ஒப்புதல் வேண்டாம் என்று நெறிமுறைக் குழு, அதாவது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் குழு, அனுமதிக்க முடியும். அனுமதிக்க வேண்டியது குழு, நீங்களோ வழிகாட்டியோ அல்ல. அதுவும் வேலையைத் தொடங்கும் முன்பே. கேஸ் ஃபைலில் உள்ள வயது, மதிப்பெண் போன்றவற்றுக்கு இது எளிது. ஒலிப்பதிவில் பெயரை வெட்டினாலும் குரல் இருக்கிறது, குரலே அடையாளம். அதனால் அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள்.

நெறிமுறைக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு நம் துறையிலேயே சாட்சி இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்காக, ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை வைத்துச் சோதனை நடந்தது. நன்றாகப் பேசிய சிலரிடமும் "உனக்குத் திக்குகிறது" என்று சொன்னார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல்.

இப்போது அந்த ஏஜென்சி. போலித் தரவைக் கண்டுபிடிப்பது அவர்கள் சொல்வதுபோல அவ்வளவு கஷ்டமில்லை. வழக்கமான செவித்திறன் சோதனையில் ஒலி அளவை 5 டெசிபலின் மடங்குகளாகத்தான் ஏற்றி இறக்குவோம், அதனால் ஒருவரின் அளவும் 5-இன் மடங்காகத்தான் வரும். என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்த ஓர் ஆய்வேட்டில் தனிநபர் அளவுகள் 33, 47, 52 என்று இருந்தன. மூல ஆடியோகிராம்களை, அதாவது செவித்திறன் சோதனை வரைபடங்களைக் கேட்டேன், வரவே இல்லை. பட்டம் நின்றுபோனது அந்த மாணவருக்கு. எழுதிக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் ஜர்னலும் இதே கூட்டம்தான். அங்கே யாரும் உங்கள் கட்டுரையைப் படிப்பதுகூட இல்லை.

ஓராண்டுக்குள் தலைப்பு, அனுமதி, தரவு, ஆய்வேடு, அதோடு வெளியீடும் வேண்டும் என்கிறார்கள். நெறிமுறைக் குழுவோ மாதக்கணக்கில் கூடுவதில்லை. மாணவர்களை ஏஜென்சியிடம் தள்ளுவது இந்த நடைமுறைதான், இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, இந்த வாரமே செய்ய வேண்டியது: யாருக்கு எப்போது பயிற்சி தொடங்கும் என்ற கால அட்டவணையை ஒரே பக்கத்தில் வரைந்து வழிகாட்டியிடம் கொடுங்கள். அவர் ஒப்புக்கொண்டதும் வடிவம் மாறியதை நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் அனுமதி வரும்வரை ஒரு பதிவுகூட எடுக்க வேண்டாம். தாமதமானால் கால நீட்டிப்புக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.