பூபதி படிக்காத பக்கம்

கேள்வி: சத்யஜித் ராயின் 'சாருலதா' படத்தை இப்போதுதான் பார்த்தேன். பூபதி குடிப்பவன் இல்லை, அடிப்பவன் இல்லை, மனைவியிடம் அன்பாகவே இருக்கிறான். பத்திரிகை வேலையில் மூழ்கியதைத் தவிர அவன் செய்த தவறு என்ன? அப்படிப்பட்ட கணவன் இருக்க, அவன் தம்பி முறையான அமல் மேல் சாரு காதல் கொண்டது துரோகம்தானே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 'பத்திரிகை வேலையில் மூழ்கியதைத் தவிர' என்று ஒரே எட்டில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. படமே அங்கேதான் இருக்கிறது.

1880ஐ ஒட்டிய கல்கத்தா. பூபதி 'சென்டினல்' என்ற ஆங்கில அரசியல் பத்திரிகையைத் தன் சொந்தப் பணத்தில், தன் வீட்டிலேயே நடத்துகிறான். இங்கிலாந்தில் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி ஜெயித்தால் இங்கே வீட்டில் விருந்தும் பாட்டும். ஏழு கடல் தாண்டி நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தொடக்கத்தில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்: கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியோடு சாரு ஜன்னல் ஜன்னலாக ஓடி, தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கிறாள். அப்போது பூபதி ஒரு புத்தகத்தில் கண்ணைப் பதித்தபடி அவளைக் கடந்து போகிறான். எட்டித் தொடும் தூரம். அவள் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. போகிறவனை அவள் அதே தொலைநோக்கியால் பார்க்கிறாள். வசனம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு திருமணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

அவள் தனியாக இருக்கிறாள் என்பது பூபதிக்குப் பிறகு உறைக்கிறது. உறைத்ததும் என்ன செய்கிறான்? துணைக்கு ஆள் ஏற்பாடு செய்கிறான்! சாருவின் அண்ணன் உமாபதனையும் அவன் மனைவியையும் வரவழைக்கிறான். தம்பி முறையான அமல் வந்ததும், சாருவை எழுதத் தூண்டும்படி அவனிடம் சொல்கிறான். தான் கொடுக்க வேண்டிய நேரத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுத் தலையங்கம் எழுதப் போய்விடுகிறவனை 'அன்பான கணவன்' என்ற சொல்லோடு விட்டுவிட எனக்கு மனமில்லை.

சாரு எழுதுகிறாள். அவள் முகத்தின் மேலேயே சிறு வயதுக் கிராமம், படகு, திருவிழா எல்லாம் படர்ந்து ஓடும் காட்சியை மறுபடி பாருங்கள். எழுதியது 'விஸ்வபந்து' இதழில் அச்சாகிவிடுகிறது. அமலும் எழுதுகிறவன் என்பதால், அந்த இதழாலேயே அவன் தலையில் அடித்துவிட்டு அழுகிறாள். நீங்கள் காதல் என்கிறீர்கள். நான் அதில் முதலில் காண்பது, தன் எழுத்துக்கு ஒரு வாசகன் கிடைத்த பெண்ணின் தவிப்பை. மனைவி எழுதுகிறாள் என்பதே பூபதிக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிகிறது. ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு!

இது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. பெண் எழுதியதைப் படிக்காமலேயே அவளுக்குக் கோலமும் சமையல் குறிப்பும் உள்ள பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்த ஆசிரியர்கள் நம் இதழ்களிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களும் தங்களைப் பெண்முன்னேற்றக்காரர்கள் என்றே நம்பினார்கள்.

துரோகம் என்று கேட்டீர்கள். படத்தில் அதைக் கைநிறையச் செய்கிறவன் உமாபதன். பத்திரிகைப் பணத்தை வாரிக்கொண்டு ஓடுகிறான். நம்பியவனே இப்படிச் செய்துவிட்டானே என்று பூபதி உடைந்து பேசுவதைக் கேட்டுத்தான் அமலுக்குத் தன் மனம் சுடுகிறது; இரவோடு இரவாகக் கிளம்பிவிடுகிறான். சாரு செய்தது என்ன? மனம் போனது, அவ்வளவுதான். அது பூபதிக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வண்டியில் தனியாகச் சுற்றி அலைந்து அவன் அழும்போது என் கண்ணும் கலங்கியது. ராய் அவனைக் கேலிக்கு விடவில்லை. அதனால்தான் படம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் கடற்கரையில் சாரு சொல்வதைக் கவனித்தீர்களா? பத்திரிகையை மறுபடி தொடங்கலாம், அரசியலை நீங்கள் பாருங்கள், வங்காள மொழிப் பகுதியை நான் பார்க்கிறேன் என்கிறாள். பூபதி துள்ளிக் குதிக்காத குறை. அவர்கள் திருமணத்தில் இருவரும் சேர்ந்து மகிழ்ந்த நேரம் அது ஒன்றுதான்.

1901இல் தாகூர் எழுதிய மூலக்கதை 'நஷ்டநீட்'டில் முடிவு வேறு. பூபதி மைசூருக்குப் பத்திரிகை வேலைக்குக் கிளம்புகிறான். தன்னையும் அழைத்துப் போகும்படி சாரு கேட்கிறாள். முதலில் தயங்கிய அவன், பிறகு வா என்னும்போது, 'வேண்டாம், இருக்கட்டும்' என்று சொல்லிவிடுகிறாள். ராய் இதை மாற்றியதற்காகவும் இன்னும் பல மாற்றங்களுக்காகவும் அசோக் ருத்ரா என்ற விமர்சகர் அவரைக் கண்டித்தார். ராய் நீண்ட கட்டுரையாகப் பதில் எழுதினார். மூலத்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் படத்துக்கு மதிப்பெண் போடுகிற கூட்டத்தோடு நான் எப்போதும் சண்டை போடுகிறவன். இதிலும் ராய் பக்கம்தான். சரிபாதி ஆசிரியராக இருக்கிறேன் என்று கேட்ட ஒருத்தியை, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்ச வைத்தால் அது வேறு பெண். ராயின் சாரு கெஞ்சமாட்டாள். திரும்பி வந்த கணவனிடம் 'வாருங்கள்' என்று அவளே கை நீட்டுகிறாள். இரண்டு கைகளும் சேர்வதற்குள் படம் உறைந்து நின்றுவிடுகிறது. மன்னிக்க வேண்டியவர் யார் என்று ராய் தீர்ப்பு எழுதவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.