பார்கோடில் 666 இருக்கிறதா?

கேள்வி: சோப்பு உறையில் இருக்கும் பார்கோடில்கூட 666 மறைந்திருக்கிறது, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரை அதுதான் என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா ஐயா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பயப்படாமல் சோப்பு வாங்குங்கள் அம்மா. பார்கோடின் இரு ஓரத்திலும் நடுவிலும் சற்று நீளமாக நிற்கும் இரட்டைக் கோடுகள், பார்வைக்கு 6-க்கான கோடுகளைப் போல இருக்கும். அதை வைத்துக் கிளம்பிய கதை இது. அவை எண்ணே அல்ல. தொடக்கம் எது, முடிவு எது என்று ஸ்கேனருக்குக் காட்டும் எல்லைக் கோடுகள்.

சரி, வசனத்துக்கு வருவோம். 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், மிருகத்தின் எண்ணான 666 பற்றி, 'அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது' என்கிறது. அந்தக் காலத்தில் எபிரெய, கிரேக்க எழுத்துகளே எண்களாகவும் இருந்தன. ஒருவர் பெயரைக் கூட்டி எண்ணாகச் சொல்வது சர்வசாதாரணம். பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவரில் ஒருவன், தான் காதலிக்கிறவளின் எண் 545 என்று கிறுக்கி வைத்திருக்கிறான். (பெயரைச் சொல்லவில்லை, கெட்டிக்காரன்!)

'நேரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. இந்த நேரோன், ரோமில் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த நீரோ மன்னன்தான். லத்தீன் உச்சரிப்புப்படி 'நேரோன்' என்பதன் கடைசி 'ன்' (50) போய்விட்டால் 616. எகிப்தில் கிடைத்த, வெளிப்படுத்தின விசேஷத்தின் பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடி ஒன்றில் 616 என்றே இருக்கிறது. அதனால்தான் அறிஞர்கள் பலர் நீரோ பக்கம் சாய்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் ஐரேனியஸ், 616 என்பது தவறு, 666தான் சரி என்று வாதாடினார். அவரும் சில பெயர்களைக் கூட்டிப் பார்த்தார். ஆனால் இவன்தான் என்று அடித்துச் சொல்ல மறுத்துவிட்டார்.