வாசகர் கேள்வி பதில்: 74 வயதில் வந்த பெயர்

கேள்வி: காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைக்கிறவன் நான். போன வருஷம் கயிற்றில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் மடங்கிவிட்டது. இப்படிக் கை கெட்ட பிறகும் புகழ் பெற்ற ஒரு சீன எழுத்துக் கலைஞர் இருந்தார் என்று மகள் சொல்கிறாள். யார் அவர்? (வாசகர், காசிமேடு)

பதில்: லின் சான்ஜி. 1898-இல் பிறந்தவர், நான்ஜிங் பக்கத்து ஊர்க்காரர். 1970-இல் பொதுக் குளியல் கூடத்தில் கொதிநீரில் விழுந்தார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். வலது கை விரல்கள் வெந்து ஒட்டிப்போய், கடைசியில் தூரிகை பிடிக்க மூன்று விரல்தான் உதவின, அதை வைத்துக்கொண்டே எழுதினார். 1973 ஜனவரியில் ஜப்பானியருக்காகச் சீனா வெளியிட்ட ஓர் இதழில் அவர் எழுத்து அச்சாக, ஜப்பானிய எழுத்துக் கலைஞர்கள் அசந்துபோனார்கள். அப்போது அவருக்கு 74 வயது, அதுவரை அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆனால் இதை விபத்தை வென்ற கதையாக மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பழைய கல்வெட்டு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர், ஷாங்காய்க்குப் போய் ஓவியர் ஹுவாங் பின்ஹொங்கிடம் பாடம் கேட்டவர், அறுபதை ஒட்டித்தான் வேகமான கூட்டெழுத்தில் முழுமூச்சாக இறங்கினார். விரல் போனாலும் அத்தனை வருஷப் பழக்கம் தோளிலும் முழங்கையிலும் இருந்தது. உங்களுக்கும் அது இருக்கும். முதலில் நல்ல மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். அப்புறம் பழைய பலகையில் பெரிய எழுத்தாகப் போட்டுப் பாருங்கள், மணிக்கட்டை விட்டு முழுக்கையும் நகரட்டும். கடைகளின் போர்டு வேலையை பிளெக்ஸ் கொண்டுபோய்விட்டது, ஆனால் படகின் பக்கவாட்டில் பெயரும் பதிவு எண்ணும் போட இன்னும் பெயிண்டும் ஆளும் வேண்டும்.

கேள்வி: சீனம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவர் எழுத்தில் நான் எதைப் பார்ப்பது? (வாசகி, பெரம்பூர்)

பதில்: மையைப் பாருங்கள். நீளமான ஆட்டு முடித் தூரிகை அவருடையது, ரொம்ப மெத்தென்று இருக்கும், அடக்குவது கஷ்டம். கெட்டியான மையில் தோய்த்து, நுனியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு எழுதுவார். முதல் எழுத்தில் தண்ணீர் காகிதத்தில் ஊறி ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பரவும். மறுபடி தோய்க்காமல் அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போவதால் மை வற்றி, கோட்டுக்குள் வெள்ளை இழை இழையாகக் காகிதம் தெரியும், அந்த நிலையிலும் கோடு நடுங்காது. எந்த இடத்தில் தோய்த்தார், எதுவரை இழுத்தார் என்று விரலை வைத்தே பின்தொடரலாம். மொழி தெரியாத நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

கேள்வி: எழுதியே சம்பாதித்தாரா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: இல்லை. உள்ளூர் நிர்வாகத்தில் வேலை பார்த்தார், 1963-இல் மாகாண ஓவியக் கழகத்தில் ஓவியராகச் சேர்ந்தார். கவிதையும் எழுதினார். வயதான பிறகு காது கேட்கவில்லை, அதனால் பார்க்க வந்தவர்கள் சந்தேகங்களைத் தாளில் எழுதிக் காட்டுவார்கள், அவரும் தாளிலேயே பதில் சொல்வார். அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துப் பின்னால் அச்சிட்டார்கள். 1989-இல் அவர் இறந்த பிறகும், எழுதப் பழகுகிறவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.