அதோனிஸுக்குக் கவிதை வற்றிவிட்டதா?

கேள்வி: அரபுக் கவிஞர் அதோனிஸ் வயதான காலத்தில் படங்களும் செய்கிறாராமே, கவிதை வற்றிவிட்டதால்தானா?

"வற்றிவிட்டதால்" என்ற சொல் சுருக்கென்று தைத்தது. என் மருமகனும் என்னைப் பற்றி அதையேதான் சொன்னார். நீங்களும் எழுதுகிறவர், கொஞ்ச நாளாக வரி வராமல் தவிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதோனிஸ் 1930ல் சிரியாவின் கசாபின் கிராமத்தில் பிறந்தவர். இயற்பெயர் அலி அகமது சயீத். 1944ல் அந்தப் பக்கம் வந்த குடியரசுத் தலைவரிடம் சொந்தக் கவிதையைப் படித்துக்காட்டி, பரிசாகப் பள்ளிப் படிப்பைக் கேட்டு வாங்கிய பையன். 1957ல் யூசுப் அல்-காலுடன் பெய்ரூட்டில் 'ஷிஅர்' இதழைத் தொடங்கி அரபு யாப்பை உலுக்கியவர். எழுதவோ படிக்கவோ முடியாத ஒரு காலத்தில்தான் ஒட்டுப்படத்தில் இறங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பழைய அரபுக் கவிதைகளைக் கையால் எழுதி, அதன்மேல் கந்தலையும் காகிதத்தையும் ஒட்டுவார். அதற்கு 'ரகீமா' என்று பெயரும் வைத்தார். எழுதுதல், பொறித்தல் என்ற பொருள் தரும் வேர்ச்சொல் அது. எழுத்தை விட்டவர் அப்படியா பெயர் வைப்பார்? 2012ல் அவற்றை லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள்.

2011ல் சிரியாவில் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் அவர் எடுத்த நிலையைச் சொல்லிச் சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. கேள்வி அதுவல்ல.

என் கதைக்கு வருகிறேன். அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அதற்கும் யாரும் கிளம்ப வேண்டாம். கண்புரை அறுவைக்குப் பிறகு கண் தெளிந்தது, சொல் வரவில்லை. எட்டு மாதம். ஒருநாள் பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை இறக்கினேன். மனப்பாடமாகக் கிடந்த நற்றிணைப் பாட்டைப் பழைய காலண்டரின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, பத்திரிகைகளைக் கிழித்து ஒட்டினேன். பளபளப்பு அட்டையில் மைதாப் பசை நிற்காது. மூலையில் மஞ்சள் தடவிய மெல்லிய தாள்தான் சொன்னபடி கேட்கும். உள்ளூர்க் கண்காட்சி ஒன்றுக்கு எடுத்துப்போனேன். "முறையாகக் கற்றீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் கவிதை வந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

இப்போது பத்திரிகையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்கக்கூட நேரமில்லையாம்! அதிலும் 'திருவளர்ச்செல்வி' என்று நடுவில் ஒற்றுப் போட்டு. முப்பது வருடம் தமிழ் நடத்தியவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? தாளும் தீர்ந்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது, கிழிக்க மனம் வராமல் கத்தரித்து வைத்த பிள்ளையார் படங்கள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய.