60,000 ரூபாய் பேக்கேஜும் ஒரு ‘ஃபார்மாலிட்டி’ வரியும்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து கோவையில் ஒரு பேண்ட் தொடங்கி, மூன்று சொந்தப் பாடல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். 60,000 ரூபாய் கட்டினால் எல்லா ஆப்களிலும் ஏற்றி, ஒரு லட்சம் ஸ்ட்ரீம் உத்தரவாதம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருக்கிறது. கேட்டால் ‘அது சும்மா ஃபார்மாலிட்டி’ என்கிறார்கள். முன்பணம் 10,000 கட்டிவிட்டோம். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பாட்டை ஆப்களில் ஏற்றுவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு அதைச் செய்கின்றன. அவர்களின் சாதாரணத் திட்டம் ஒன்றின் சந்தா உங்கள் பேக்கேஜில் பத்தில் ஒரு பங்குகூட வராது, பாட்டின் உரிமையையும் கேட்பதில்லை. சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடுமா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஒரு லட்சம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது தொட்ட பாட்டுக்குத்தான் ராயல்டி, அதாவது பாட்டு ஓடுவதற்கான உரிமைத் தொகை. புதுப் பையன்களிடம் இந்த ஆயிரத்தைக் காட்டித்தான் பலர் கடை விரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிடார்காரத் தம்பி இப்படி ஸ்ட்ரீம்களைக் காசுக்கு வாங்கிவிட்டு போனைத் திறந்து காட்டினார். இரண்டு வாரத்தில் 40,000 ஸ்ட்ரீம், பெரும்பகுதி தமிழே புழங்காத ஒரே ஒரு வெளிநாட்டு ஊரிலிருந்து. பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் 11 பேர், அதில் அவர் அம்மாவும் அத்தையும் அடக்கம்! நிஜ ரசிகர் கேட்காமல் ஓட்டிக் காட்டிய செயற்கை ஸ்ட்ரீம் என்று பிடிபட்டால் அந்த எண்ணிக்கைக்குக் காசு வராது, விநியோக நிறுவனத்துக்கு அபராதம் விழும், பாட்டே இறக்கப்படலாம். ஸ்பாட்டிஃபையின் சொந்த பிளேலிஸ்டுகளுக்கு உங்கள் ஆர்டிஸ்ட் கணக்கிலிருந்து, வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னதாக, நீங்களே இலவசமாக அனுப்பலாம். இடம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அந்த ‘ஃபார்மாலிட்டி’ வரிக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். இந்த வேலியைத் தாண்டத்தான் ‘உலகம் முழுவதும் நிரந்தரமாக’ என்று எழுதியிருக்கிறார்கள். விவரம் தெரிந்து போட்ட வரி அது. பாடல் வரிகளை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாதபடி 2012 திருத்தம் காக்கிறது. ஆனால் ஒலிப்பதிவு என்பது தனி உரிமை. அதற்கு இந்தக் காவல் இல்லை. உங்கள் கைக்காசில் பதிவு செய்ததை, மேலே 60,000 கொடுத்துத் தானமும் செய்வதா?

உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, விநியோகம் செய்ய ‘உரிமம்’ (அனுமதி) மட்டும், அதுவும் இத்தனை ஆண்டுக்கு என்று கொடுத்தால் போதும். மாற்றி எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, எந்தப் பாட்டில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று நால்வரும் இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காசு வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான்.

கட்டிய 10,000? இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று நினைக்கிறேன். வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள் என்று போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீது, ‘உத்தரவாதம்’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ‘இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாட வாய்ப்பு உண்டு. அதனால் மனுவில் இது உங்கள் சுயதொழில் பிழைப்புக்கான முயற்சி என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.