ஸ்க்ராபிளில் க்யூ வந்துவிட்டது, யூ இல்லை: என்ன சொல் வைக்கலாம்?

ஆங்கில எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில், கையில் க்யூ மாட்டிக்கொண்டால், அதை ஒட்டி வழக்கமாக வரும் யூ இல்லாத சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் க்யூ, ஐ இரண்டும் சேர்ந்த சொல்லை மனதில் வையுங்கள். சீன மரபில் உயிர்விசையைக் குறிக்கும் சொல் அது, 'ச்சீ' என்று உச்சரிப்பார்கள். க்யூவுக்கு 10 புள்ளி, ஐக்கு 1. எழுத்தை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் க்யூ விழுந்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் அமைந்தால் ஒவ்வொன்றுக்கும் 31, மொத்தம் 62 புள்ளி!

அப்புறம் அரபிச் சொற்கள். உள்நாக்கருகே எழும் 'காஃப்' என்ற அரபி எழுத்தைப் பல சொற்களில் க்யூ போட்டு எழுதினார்கள், அதனால் யூ தேவைப்படவில்லை. மேலப்பாளையம் பக்கம் பக்கீர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்களே, அதை எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர் என்று வைத்தால் செல்லும். முகத்திரையைக் குறிக்கும் நிகாப் கூடச் செல்லும்: என், ஐ, க்யூ, ஏ, பி.

மற்றவற்றுக்கு, சொல் தேடும் தளத்தில் வேண்டிய எழுத்தாக க்யூவையும் வேண்டாத எழுத்தாக யூவையும் கொடுங்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் விளையாடும்போது அண்ணன் மகள் யூவுக்காகவே காத்திருப்பாள். 100 காய்களில் யூ 4தான். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் இருந்தால் 10 புள்ளி போய்விடும்.